டேப்லோவில் அடிபம்பு வரைபடம்: 214 பம்பும் ஒரே புள்ளியாக வருகிறது, உதவுங்கள்

ரயில்கேட்_கொருக்குப்பேட்டை | சனி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் தெருப் படிப்பகத்துப் பையன்கள் ஆறு பேர் சேர்ந்து இரண்டு மாதமாக ஒரு வேலை செய்தோம். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை, காசிமேடு மூன்று இடங்களிலும் கண்ணில் பட்ட அடிபம்புகளையெல்லாம் கணக்கெடுத்தோம். பம்பு எங்கே இருக்கிறது, தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்துள்ள உப்பின் அளவு) எவ்வளவு, குடிக்கிறார்களா அல்லது புழங்க மட்டும்தானா, கைப்பிடி வேலை செய்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. மொத்தம் 214 வரி. அட்சரேகைக்கு ஒரு பத்தி, தீர்க்கரேகைக்கு ஒரு பத்தி இருக்கிறது.

எக்செல் கோப்பை சிஎஸ்வியாகச் சேமித்து, தரவைப் படமாக்கும் இலவச மென்பொருளான டேப்லோ பப்ளிக்கில் ஏற்றினேன். இரண்டு பத்திகளையும் இரண்டு முறை தட்டியதும் வரைபடம் வந்துவிட்டது. ஆனால் 214 பம்புக்கும் சேர்த்து ஒரே ஒரு புள்ளி. அதுவும் சென்னையிலேயே இல்லை, வடமேற்கே வெகுதூரத்தில் ஏதோ ஓர் இடத்தில். மென்பொருள் பழுதா, நான் பழுதா?

பெரம்பூர்_பிவட் | சனி, இரவு 9.58

இரண்டும் இல்லை தம்பி. டேப்லோ எண்ணைப் பார்த்தாலே அதைக் கூட்டவோ சராசரி எடுக்கவோ வேண்டிய சங்கதி என்று நினைத்துக்கொள்ளும். உன் 214 அட்சரேகைக்கும் ஒரு சராசரி, 214 தீர்க்கரேகைக்கும் ஒரு சராசரி, அந்த இரண்டையும் வைத்து ஒரு புள்ளி. அதைத்தான் நீ பார்க்கிறாய். மேலே ரோஸ், காலம்ஸ் பட்டையில் ஏவிஜி (சராசரி) என்று எழுதியிருக்கும், பார்.

பம்புக்கு வரிசை எண் ஒரு பத்தியில் இருக்கிறதா? இருந்தால் அதை எடுத்து டீட்டெயில் மேல் போடு. ஒவ்வொரு பம்புக்கும் தனித்தனியாகப் புள்ளி வந்துவிடும். வரிசை எண் இல்லையென்றால் அனாலிசிஸ் மெனுவில் அக்ரிகேட் மெஷர்ஸ் என்பதில் உள்ள டிக்கை எடுத்துவிடு. நான் முதல் வழியைத்தான் சொல்வேன். பின்னால் ஒரு புள்ளி தப்பாகத் தெரிந்தால், அது எந்த வரி என்று திரும்பிப் போய்ப் பிடிக்க எண் வேண்டும்.

புள்ளி அவ்வளவு தூரம் ஏன் போனது என்பது எனக்குக் கொஞ்சம் பயமாக இருக்கிறது. கொருக்குப்பேட்டையில் எடுத்த எண்களின் சராசரி கொருக்குப்பேட்டையில்தானே விழ வேண்டும்? முதலில் பிரித்துப் போடு, பார்ப்போம்.

ரயில்கேட்_கொருக்குப்பேட்டை | சனி, இரவு 10.31

அக்கா, நன்றி. பிரிந்துவிட்டது. ஆனால் இதற்கு ஒரே புள்ளியே தேவலை போலிருக்கிறது.

பாதிக்கு மேல் எங்கள் ஊரிலேயே ஒழுங்காக உட்கார்ந்திருக்கின்றன. மீதி நாலு கூட்டம். ஒரு கூட்டம் நார்வேக்கு வடக்கே பனிக்கடலில். ஒரு கூட்டம் மதுரவாயல், நெற்குன்றம் பக்கம். ஒரே இடத்தில் கொஞ்சம், ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கடலில். கடைசியாகக் காசிமேட்டுப் புள்ளிகள் சில, கட்டம் போட்ட நோட்டில் வைத்ததுபோல நேர் வரிசையில் நிற்கின்றன. அதில் ஒன்று கடலுக்குள்.

அப்பாவிடம் காட்டினேன். "ஏன்டா, மதுரவாயலுக்கு எப்போது போய்ப் பம்பு அடித்தீர்கள்?" என்று கேட்டார்.

மின்ட்_முனை | சனி, இரவு 10.40

வடசென்னையில் தண்ணீர் இல்லை என்று தெரியும். பம்பே ஊரைவிட்டுப் போய்விட்டது என்று இப்போதுதான் தெரிகிறது.

பெரம்பூர்_பிவட் | சனி, இரவு 11.15

சிரிக்காதீர்கள், இது நல்ல அறிகுறி. தப்பு கண்டபடி சிதறாமல் கூட்டம் கூட்டமாக விழுந்தால், ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரே காரணம் இருக்கும். எடுத்தது ஆறு பேர் என்றாய். நான் பந்தயம் கட்டுகிறேன்: ஒவ்வொரு கூட்டமும் ஒவ்வொரு பையனுடைய நோட்டு.

பனிக்கடல் கூட்டம் சுலபம். எண் இடம் மாறிவிட்டது. நம் பக்கம் அட்சரேகை 13 சொச்சம், தீர்க்கரேகை 80 சொச்சம். அதைத் திருப்பிப் போட்டால் வடக்கே 80 டிகிரி, கிழக்கே 13 டிகிரி. அது ஸ்வால்பார்ட் தீவுகளை ஒட்டிய ஆர்க்டிக் கடல். கூகுள் மேப்ஸில் விரலை வைத்து அழுத்தினால் அட்சரேகை முன்னால் வரும். கேஎம்எல், ஜியோஜேசன் என்ற வரைபடக் கோப்புகளைத் திறந்து பார்த்தால் தீர்க்கரேகை முன்னால் இருக்கும். யாரோ ஒருவன் கூகுள் எர்த்தில் குறித்துக் கோப்பைத் திறந்து எண்களை எடுத்திருக்கிறான்.

நாம் கொடுத்துவைத்தவர்கள். இந்தியாவில் அட்சரேகை 38ஐத் தாண்டாது, தீர்க்கரேகை 68க்குக் கீழே வராது. இரண்டும் ஒன்றையொன்று தொடாததால், எண்ணைப் பார்த்தே இடம் மாறியதைக் கண்டுபிடித்துவிடலாம். அட்சரேகைப் பத்தியில் 50க்கு மேல் ஏதாவது இருந்தால் இரண்டையும் மாற்றிப் போடு என்று எக்செல்லில் ஒரு இஃப் எழுது. எல்லா நாட்டுக்காரனுக்கும் இந்த வசதி கிடையாது.

ஆப்பிரிக்கக் கடலில் ஒரே இடத்தில் விழுந்தவை பூஜ்யம், பூஜ்யம். நிலநடுக்கோடும் கிரீன்விச் கோடும் வெட்டும் இடம், கினி வளைகுடா. உலகத்தில் விடுபட்ட முகவரியெல்லாம் போய்ச் சேரும் இடம் அதுதான். நல் (null, அதாவது வெற்று) ஐலண்டு என்று கிண்டலாகப் பெயரே வைத்திருக்கிறார்கள். அங்கே தீவு எதுவும் இல்லை. ஆறு பேருடைய தாள்களையும் சூத்திரம் போட்டு ஒரே தாளில் சேர்த்தாயா?

ரயில்கேட்_கொருக்குப்பேட்டை | சனி, இரவு 11.22

ஆமாம் அக்கா. ஒவ்வொருவர் தாளிலிருந்தும் சமக்குறி போட்டு இழுத்தேன்.

பெரம்பூர்_பிவட் | சனி, இரவு 11.26

அதேதான். காலியான செல்லைச் சமக்குறி போட்டு இழுத்தால் எக்செல் பூஜ்யம் என்று எழுதும். காலியாகவே விட்டிருந்தால் டேப்லோ வலது கீழ்மூலையில் இத்தனை நல் என்று தனியாகச் சொல்லியிருக்கும். அந்தப் பூஜ்யங்களை முதலில் அழித்துக் காலியாக்கு. தெரியாததைத் தெரியாது என்று விட்டால் பிறகு தேடலாம். பூஜ்யம் என்று எழுதிவிட்டால் அது தெரிந்ததுபோல் நடிக்கும்.

மதுரவாயல் சமாசாரம் நாளைக்கு. தூக்கம் வருகிறது.

கியூஜிஐஎஸ்_வெறியன் | ஞாயிறு, காலை 6.50

இதற்கெல்லாம் டேப்லோ எதற்கு? கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருள் இலவசம், திறந்த மூலம், 2002 முதல் இருக்கிறது. ஆட் டிலிமிட்டட் டெக்ஸ்ட் லேயர் வழியாக சிஎஸ்வியைத் திறந்தால் எக்ஸ் எது, ஒய் எது என்று அதுவே கேட்கும்.

மின்ட்_முனை | ஞாயிறு, காலை 7.05

வந்துட்டாரு. எந்த இழையிலும் காலை ஏழு மணிக்குள் வந்துவிடுவார்.

கியூஜிஐஎஸ்_வெறியன் | ஞாயிறு, காலை 7.12

கிண்டல் பண்ணுங்கள். எக்ஸ் என்பது தீர்க்கரேகை, ஒய் என்பது அட்சரேகை என்று ஒருமுறை அங்கே கற்றுக்கொண்டவன் ஜென்மத்துக்கும் பனிக்கடலில் பம்பு போடமாட்டான். டேப்லோவிலும் அதே கதைதான்: காலம்ஸில் தீர்க்கரேகை, ரோஸில் அட்சரேகை.

காசிமேடு_விசைப்படகு | ஞாயிறு, மதியம் 1.20

கடலிலிருந்து வந்து இப்போதுதான் இழையைப் பார்க்கிறேன். அந்த மதுரவாயல் கூட்டத்தில் நாலைந்து எண்களை அப்படியே இங்கே போடு தம்பி. எனக்கு ஒரு சந்தேகம்.

ரயில்கேட்_கொருக்குப்பேட்டை | ஞாயிறு, மதியம் 1.41

இதோ அண்ணா.
13.0756, 80.1734
13.0781, 80.1729
13.0708, 80.1668
13.0769, 80.1741

காசிமேடு_விசைப்படகு | ஞாயிறு, மதியம் 2.02

நினைத்தேன். உங்களில் ஒருவன் படகு ஜிபிஎஸ் கருவியைக் கொண்டுபோயிருக்கிறான். எங்கள் கருவியில் டிகிரி, அப்புறம் நிமிடம், நிமிடத்துக்குப் பின்னால்தான் புள்ளி. திரையில் 13, பக்கத்தில் 07.56 என்று இருக்கும். அதை அவன் 13.0756 என்று சேர்த்து எழுதிவிட்டான்.

ஒரு டிகிரிக்கு அறுபது நிமிடம், மணிக்கணக்கு மாதிரி. ஒன்றரை மணியை ஒன்று முப்பது என்கிறோம். அதைக் கணக்கில் 1.30 என்று போட்டால் கூலி குறையுமா குறையாதா? அதே கதை. 7.56 நிமிடத்தை அறுபதால் வகுத்தால் 0.126. ஆக அது 13.126. அந்தப் பக்கம் 17.34ஐ அறுபதால் வகுத்தால் 0.289. ஆக 80.289. தண்டையார்பேட்டை. வீடு வந்து சேர்ந்துவிட்டது பார்.

நாங்கள் கரையில் இந்த எண்களை வாயால்தான் சொல்லிக்கொள்வோம். 13ஐயும் 80ஐயும் யாரும் சொல்வதில்லை, அது எல்லோருக்கும் ஒன்றுதானே. "ஏழு ஐம்பத்தாறு, பதினேழு முப்பத்துநாலு" என்றால் போதும். மீன் பட்ட இடத்தை யாரும் முழுசாகச் சொல்லவும் மாட்டான், அது வேறு விஷயம். எங்கள் தாத்தா காலத்தில் கருவியே கிடையாது. கரையில் தெரிகிற ஒரு கோபுரத்தையும் ஒரு புகைபோக்கியையும் ஒரே கோட்டில் வைத்து, இன்னொரு பக்கம் அதேபோல இரண்டை வைத்து, இரண்டு கோடும் வெட்டுகிற இடத்தில் வலை போடுவார். அதுவும் எக்ஸ், ஒய்தான்.

பெரம்பூர்_பிவட் | ஞாயிறு, மாலை 4.10

அண்ணா, அருமை. எனக்கு இது டிகிரி, நிமிடம், நொடி என்றுதான் தோன்றியது. உங்கள் கருத்து சரி என்பதை எண்களே காட்டுகின்றன. 13.0756ல் தசமத்துக்குப் பின்னால் முதல் இரண்டு இலக்கம் நிமிடம். அடுத்த இரண்டு நொடியாக இருந்தால் 59ஐத் தாண்டவே கூடாது. இங்கே 81, 68, 69 எல்லாம் வருகின்றன. 81 நொடி என்று ஒன்று கிடையாது. ஆகவே அது நிமிடத்தின் தசமம்தான்.

தம்பி, இப்படிச் செய்: தசமத்துக்குப் பின்னால் இருப்பதை மட்டும் எடுத்து நூறால் பெருக்கி அறுபதால் வகுத்து, முழு எண்ணோடு திரும்பக் கூட்டு. அந்தப் பையனுடைய வரிகளுக்கு மட்டும். எல்லா வரிக்கும் போட்டுவிடாதே, நல்ல புள்ளிகளும் கடலுக்குப் போய்விடும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. இந்தத் தப்பு புள்ளிகளைப் பதின்மூன்று கிலோமீட்டருக்கு மேல் தென்மேற்கே தள்ளியதோடு நிற்கவில்லை. ஊரையே சுருக்கியும் விட்டது. ஒரு நிமிடம் என்பது உண்மையில் 0.0167 டிகிரி, அதை நாம் 0.01 என்று எழுதினோம். ஆக நூறு மீட்டர் இடைவெளி அறுபது மீட்டராகத் தெரியும். தெருவின் வடிவம் கெடாமல் அப்படியே இருக்கும். பார்ப்பவனுக்குச் சந்தேகமே வராது. பனிக்கடலில் விழுந்த பம்பு தானே கத்திவிடும். மதுரவாயலில் விழுந்தது நல்ல பிள்ளையாக ஒரு தெருவோரம் போய் உட்கார்ந்துகொள்ளும். அங்கேயும் பம்பு இருக்கலாம் இல்லையா? உன் அப்பா கேட்டிராவிட்டால் நாம் விட்டிருப்போம்.

சர்வே_சங்கிலி | ஞாயிறு, மாலை 5.35

நிலஅளவையில் முப்பது வருடம் இருந்து ஓய்வுபெற்றவன். நொடி, நிமிடம் என்றதும் கை அரித்தது, அதனால் எழுதுகிறேன்.

தம்பிகள் எடுத்த வேலை நல்ல வேலை. அந்தக் கட்டம் கட்டமாக நிற்கும் காசிமேட்டுப் புள்ளிகளுக்கு என் ஊகம்: இரண்டு இலக்கத்தோடு நறுக்கிவிட்டீர்கள். 13.1265 என்பது 13.13 ஆகிவிட்டது. இரண்டாம் தசம இலக்கம் இங்கே சுமார் 1.1 கிலோமீட்டர். மூன்றாவது 110 மீட்டர். நான்காவது 11 மீட்டர். ஐந்தாவது ஒரு மீட்டருக்குச் சற்று மேல். 80.297 என்பதை 80.30 ஆக்கினால் முந்நூறு மீட்டருக்கு மேல் கிழக்கே போகும். காசிமேட்டில் முந்நூறு மீட்டர் கிழக்கே போனால் என்ன இருக்கும் என்று விசைப்படகுக்காரரைக் கேளுங்கள்.

அதேபோல் ஆறாவது, ஏழாவது இலக்கத்தையும் யாரும் நம்ப வேண்டாம். கைபேசி திறந்த வெளியில் ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாகச் சொல்லும். நம் சந்துகளில், இருபக்கமும் மாடி வைத்துக் கட்டிய இடத்தில், அது இன்னும் தள்ளாடும். பம்பு இருப்பது தெருவின் இடப்பக்கமா வலப்பக்கமா என்று கைபேசியைக் கேட்காதீர்கள். நோட்டில் எழுதுங்கள்.

இன்னொரு எச்சரிக்கை. 2005 தேசிய வரைபடக் கொள்கைக்கு முந்தைய டோப்போ தாள்கள் (சர்வே ஆஃப் இந்தியா வரைபடங்கள்) எவரெஸ்ட் கோளவுருவை வைத்து வரைந்தவை. இப்போதைய ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84. பூமியின் உருவத்தையே இரண்டும் வேறு வேறாகக் கணக்கிடுகின்றன. பழைய தாளில் படித்த எண்ணை அப்படியே போட்டால் நம் ஊரில் நூறு மீட்டருக்கு மேல் விலகும்.

இந்த எண்களுக்கும் நம் ஊருக்கும் பழைய சம்பந்தம். இந்தியாவின் பெரிய முக்கோண அளவை 1802ல் பரங்கிமலையில்தான் தொடங்கியது, லாம்டன் என்ற அளவையாளர் காலத்தில். அதற்கும் முன்னாலேயே மதராஸ் வானாய்வகம் நுங்கம்பாக்கத்தில் இருந்தது. அதன் தீர்க்கரேகை 80.25 என்று வைத்து நாலால் பெருக்கிப் பாருங்கள்: 321 நிமிடம். ஐந்து மணி இருபத்தொரு நிமிடம். அதுதான் மதராஸ் நேரம். இந்திய ரயில்வேகள் பல காலம் அந்த நேரத்தில்தான் ஓடின. ராயபுரம் ஸ்டேஷன் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு தீர்க்கரேகை என்றால் என்ன என்று கேட்கும் பிள்ளைகளைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

ரயில்கேட்_கொருக்குப்பேட்டை | ஞாயிறு, இரவு 8.15

ஐயா, வணக்கம். நீங்கள் சொன்னதுதான். எக்செல்லில் அந்தத் தாளின் செல்கள் இரண்டு தசமம் காட்டுவதுபோல் அமைத்திருந்தன. பார்க்க அழகாக இருக்கட்டும் என்று நான்தான் அப்படி வைத்தேன். சிஎஸ்வியாகச் சேமித்தபோது கண்ணுக்குத் தெரிந்தது மட்டும்தான் போயிருக்கிறது. நல்லவேளை, அசல் எக்செல் கோப்பில் முழு எண் இருந்தது. தசம இடத்தைக் கூட்டிவிட்டு மறுபடி சேமித்தேன். காசிமேடு கரையேறிவிட்டது.

அந்தப் படகு ஜிபிஎஸ்காரன் எங்கள் படிப்பகத்துக் கடைக்குட்டி. மாமாவின் கருவியைக் கேட்காமல் எடுத்துப்போயிருக்கிறான். பெயரைச் சொல்லமாட்டேன்.

இப்போது 214ல் 203 புள்ளி ஊருக்குள் இருக்கிறது. மீதி 11 காலி. அடுத்த சந்தேகம்: வார்டு எல்லையையும் பின்னால் போட்டு, எந்த வார்டில் எத்தனை பம்பு என்று காட்ட ஆசை. ஒரு நண்பர் வாட்ஸாப்பில் வார்டு எல்லைக் கோப்பு அனுப்பினார். ஷேப் கோப்பு. டேப்லோ திறக்க மறுக்கிறது.

கியூஜிஐஎஸ்_வெறியன் | ஞாயிறு, இரவு 8.30

எஸ்எச்பி மட்டும் அனுப்பியிருப்பார். ஷேப் கோப்பு என்பது ஒரு கோப்பே இல்லை, ஒரு குடும்பம். எஸ்எச்பி, எஸ்எச்எக்ஸ், டிபிஎஃப், பிஆர்ஜே நான்கும் ஒரே ஃபோல்டரில் ஒரே பெயரில் இருக்க வேண்டும். மொத்தமாக ஜிப் செய்து அனுப்பச் சொல். பிஆர்ஜேயை விட்டுவிடாதே, எந்த அளவை முறையில் எழுதியது என்று அதுதான் சொல்லும்.

இன்னொன்று. யாராவது பொறியாளர் நாலு லட்சத்து இருபதாயிரம், பதினாலரை லட்சம் என்கிற மாதிரி பெரிய எண்களில் புள்ளி கொடுத்தால் மிரளாதே. அது யூடிஎம், அதாவது பூமியை மண்டலங்களாகப் பிரித்து இடம் குறிக்கும் முறை, மீட்டரில் இருக்கும். சென்னை 44ஆம் மண்டலம், வடக்கு. சிஎஸ்வியில் அதைப் போட்டால் டேப்லோவுக்குப் புரியாது. கியூஜிஐஎஸ்ஸில் 32644 (அந்த மண்டலத்தின் குறியீட்டு எண்) என்று சொல்லித் திற, 4326 (நம் வழக்கமான அட்சரேகை, தீர்க்கரேகை) ஆக மாற்றிச் சேமி. இரண்டு நிமிட வேலை. நான் காலையிலேயே சொன்னேன்.

பெரம்பூர்_பிவட் | ஞாயிறு, இரவு 8.52

அவர் சொல்வது சரி. கோப்பு வந்ததும் முதலில் எத்தனை வார்டு இருக்கிறது என்று எண்ணிப் பார். 200 இருந்தால் 2011க்குப் பிறகானது. 155 இருந்தால் அதற்கு முந்தைய மாநகராட்சி, அதில் திருவொற்றியூரும் மணலியும் இருக்காது. இரண்டிலும் 40ஆம் வார்டு என்று ஒன்று இருக்கும், இரண்டும் ஒன்றல்ல. கோப்பின் பெயரில் வருடம் போடாமல் அனுப்புவது நம்மவர்களின் வழக்கம்.

ஆனால் எனக்கு ஒரு கேள்வி. வார்டு எதற்கு? தண்ணீருக்கு வார்டு தெரியுமா? கடலிலிருந்து எவ்வளவு தூரம், பக்கிங்காம் கால்வாயிலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் உப்புக்குக் காரணம் சொல்லும். வார்டு வண்ணம் பூசினால் ஒரே நிறம் பெரிய இடத்தை மூடிவிடும். அதற்குள் ஒரு தெருவில் நல்ல தண்ணீரும் அடுத்த தெருவில் உப்புத் தண்ணீரும் இருப்பது மறைந்துபோகும். கவுன்சிலரிடம் கொடுக்க வேண்டுமானால் வார்டுப் படம் தனியாக ஒன்று போட்டுக்கொள்.

திருவொற்றியூர்_19 | ஞாயிறு, இரவு 9.20

புதியவன், ஒரு சந்தேகம். எதற்கு இவ்வளவு பாடு? பின்கோடு போட்டாலே டேப்லோ இடம் கண்டுபிடிக்குமே? 600081, 600021 என்று?

பெரம்பூர்_பிவட் | ஞாயிறு, இரவு 9.31

கண்டுபிடிக்கும். ஆனால் தண்டையார்பேட்டையின் எல்லாப் பம்பையும் 600081ன் நடுவில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும். தெருப் பெயர் வைத்துத் தேடலாம் என்றால், நேதாஜி நகரும் காந்தி நகரும் தமிழ்நாட்டில் எத்தனை? சென்னைக்குள்ளேயே எத்தனை? பின்கோடு மாவட்டக் கணக்குக்கு உதவும். பம்புக்கு எண்தான்.

ரயில்கேட்_கொருக்குப்பேட்டை | திங்கள், இரவு 7.45

வண்ணத்துக்கு டிடிஎஸ்ஸைக் கொடுத்தேன். ஒரு காசிமேட்டுப் பம்பில் மட்டும் 6,000க்கு மேல் இருக்கிறது. அதனால் அது ஒன்று மட்டும் கருஞ்சிவப்பு, மற்றதெல்லாம் ஒரே வெளுப்பு. 400க்கும் 1,900க்கும் வித்தியாசமே தெரியவில்லை.

பெரம்பூர்_பிவட் | திங்கள், இரவு 8.10

தொடர் வண்ணத்தை விட்டுவிடு. இந்தியத் தர நிறுவனத்தின் (பிஐஎஸ்) ஐஎஸ் 10500 தரப்படி குடிநீரில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம்வரை ஏற்கத்தக்கது. வேறு தண்ணீர் கிடைக்காத இடத்தில் 2,000வரை அனுமதி. அதையே வெட்டுக்கோடாக வை: 500க்குக் கீழே, 500 முதல் 2,000, அதற்கு மேல். ஒரு கால்குலேட்டட் ஃபீல்டு எழுதினால் மூன்று நிறம் வந்துவிடும். பச்சை, சிவப்பு வேண்டாம். ஆண்களில் கணிசமான பேருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. நீலம், வெளிர் மஞ்சள், ஆரஞ்சு வை.

அந்த 6,000ஐத் தூக்கி எறிந்துவிடாதே. போய் மறுபடி அளந்து பார். மீட்டர் முனையைக் கழுவாமல் கடல் தண்ணீரிலிருந்து நேரே விட்டிருக்கலாம், உண்மையாகவும் இருக்கலாம். டிடிஎஸ் குறைவு என்றால் தண்ணீர் சுத்தம் என்று அர்த்தமில்லை என்பதையும் படத்தின் அடியில் ஒரு வரி எழுதிவிடு. கரைந்த உப்பைத்தான் அது சொல்லும், கிருமியை அல்ல. நீலப் புள்ளியைப் பார்த்துவிட்டு யாராவது குழந்தைக்குக் கொடுத்துவிடப் போகிறார்கள்.

மின்ட்_முனை | திங்கள், இரவு 8.25

லண்டனில் 1854ல் ஒரு டாக்டர் காலரா வீடுகளைப் படத்தில் குறித்து, பிராட் தெரு பம்பின் கைப்பிடியைக் கழற்ற வைத்தார் என்று பாடத்தில் வருமே, அதேதானா இது?

சர்வே_சங்கிலி | திங்கள், இரவு 9.02

ஜான் ஸ்னோ. ஆனால் கைப்பிடியைக் கழற்றியது செப்டம்பரில், படம் அதற்குப் பிறகு வந்தது. அதிகாரிகளை அசைத்தது அவர் வீடு வீடாகக் கேட்டு எழுதிய கணக்கு. நம் பிள்ளைகளிடம் நோட்டும் இருக்கிறது. நோட்டைப் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

திருவொற்றியூர்_19 | திங்கள், இரவு 9.40

ஒன்று கேட்க மறந்துவிட்டேன். டேப்லோ பப்ளிக்கில் போட்டால் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் இல்லையா? வீட்டுக்குள் இருக்கும் பம்பையும் குறித்திருக்கிறீர்களா? எங்கள் தெருவில் ஒரு வீட்டுத் தண்ணீர் ஆரஞ்சு என்று படத்தில் வந்தால் வாடகைக்கு ஆள் வரமாட்டார்கள். வீட்டுக்காரர் உங்களைத் தேடி வருவார்.

ரயில்கேட்_கொருக்குப்பேட்டை | திங்கள், இரவு 10.05

38 பம்பு வீட்டு வாசலுக்குள் இருக்கிறது. கதவு எண்ணும் ஒரு பத்தியில் இருக்கிறது. இதை யோசிக்கவே இல்லை.

பெரம்பூர்_பிவட் | திங்கள், இரவு 10.20

நல்ல கேள்வி, நானும் யோசிக்கவில்லை. கோப்பையே தரவிறக்கும் வசதியும் அங்கே இருக்கிறது. மௌஸை வைத்தால் வரும் குறிப்பில் மறைத்துவிட்டேன் என்றால் போதாது. ஏற்றும் கோப்பிலிருந்தே கதவு எண், பெயர், கைபேசி எண் பத்திகளை எடுத்துவிடு. வீட்டுப் பம்புகளின் அட்சரேகை, தீர்க்கரேகையை மூன்று தசமத்தோடு நறுக்கிவிடு. ஐயா கணக்குப்படி 110 மீட்டர், ஏறக்குறைய ஒரு தெரு. எந்தப் பகுதி என்று தெரியும், எந்த வீடு என்று தெரியாது. தெருப் பம்புகள் ஐந்து தசமத்திலேயே இருக்கட்டும்.

மின்ட்_முனை | திங்கள், இரவு 10.24

நேற்று நறுக்கியதற்குத் திட்டு, இன்று நறுக்கச் சொல்லி உத்தரவு.

பெரம்பூர்_பிவட் | திங்கள், இரவு 10.27

நேற்று தெரியாமல் நறுக்கினான். இன்று தெரிந்து நறுக்குகிறான், அதைப் படத்தின் அடியிலும் எழுதப்போகிறான்.

ரயில்கேட்_கொருக்குப்பேட்டை | புதன், இரவு 8.50

செய்துவிட்டோம். கதவு எண் போய்விட்டது, வீட்டுப் பம்புகளுக்கு வட்டத்துக்குப் பதில் மங்கலான சதுரம். 6,000 பம்பை மறுபடி அளந்தோம், 5,900. உண்மைதான். பக்கத்து வீட்டு அம்மா, "பாத்திரம் கழுவினால்கூட வெள்ளை படியும், அதை மீட்டர் வைத்துத்தான் கண்டுபிடிக்கணுமா?" என்று கேட்டார்.

காலியான 11ல் பத்தைக் கண்டுபிடித்துவிட்டோம், எல்லாம் கைபேசியில் சார்ஜ் தீர்ந்த நாளில் எடுத்தவை. ஒன்று மட்டும் யாருக்கும் ஞாபகமில்லை. நோட்டில் இருப்பது இவ்வளவுதான்: "காசிமேடு, கோயில் பின்பக்கம், கைப்பிடி இல்லை, சைக்கிள் பார் செருகியிருக்கு, டிடிஎஸ் 1,340, பாட்டி திட்டினாங்க."

காசிமேடு_விசைப்படகு | புதன், இரவு 9.15

சைக்கிள் பார் செருகியவன் நான்தான். அந்தப் பாட்டி என் அத்தை. இருங்கள், வாசலுக்குப் போய் எடுத்து வருகிறேன்.

காசிமேடு_விசைப்படகு | புதன், இரவு 9.33

13, 07.612. அந்தப் பக்கம் 80, 17.701. படகுக் கருவியில்தான் எடுத்தேன் தம்பி, அறுபதால் வகுத்துக்கொள். அடுத்த முறை காலை ஆறு மணிக்கு முன்னால் வாருங்கள் என்று அத்தை சொல்லச் சொன்னார். அப்புறம் குடம் வரிசை வந்துவிடுமாம்.